எல்க் மானுக்கு ஏற்ற ரைஃபிள் காலிபர் எது?

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் வாழும் எல்க் இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஆண் மான் ஏறத்தாழ 320 கிலோ எடை இருக்கும். அதன் தடித்த தோளெலும்பையும் தசையையும் கடந்து நுரையீரலையோ இதயத்தையோ எட்டாத குண்டு, விலங்கைக் காயப்படுத்தி நெடுநேரம் வதைக்குமே தவிர விரைவில் வீழ்த்தாது.

காலிபர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு மட்டுமே. .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய இரு தோட்டா வகைகளும் (குண்டும் வெடிமருந்தும் ஓர் உறையில் சேர்ந்ததே தோட்டா) 7.82 மி.மீ. விட்டமுள்ள குண்டையே செலுத்துகின்றன; பின்னதில் வெடிமருந்து கூடுதல். 11.7 கிராம் எடையுள்ள குண்டு, 1906-இல் அறிமுகமான .30-06 தோட்டாவிலிருந்து நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்திலும், 1963-இல் வந்த மேக்னத்திலிருந்து சுமார் 900 மீட்டர் வேகத்திலும் புறப்படுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வதால், வேகம் பத்தில் ஒரு பங்கு கூடியதற்கே ஆற்றல் சுமார் 3,950 ஜூலிலிருந்து 4,700 ஜூலாகிவிடுகிறது. விளம்பரங்கள் விரும்பிக் காட்டும் எண்ணும் இதுவே.

ஆனால் குண்டு எவ்வளவு ஆழம் செல்லும் என்பதை ஆற்றல் மட்டும் தீர்மானிப்பதில்லை. குறுக்குவெட்டுப் பரப்போடு ஒப்பிடும்போது குண்டின் எடை எவ்வளவு என்பதும், மோதும்போது குண்டின் முனை எவ்வளவு விரிகிறது என்பதும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன. அளவாக விரிந்தால் காயம் அகலமாகும்; அளவுக்கு மீறி விரிந்தாலோ சிதறினாலோ குண்டு தோளிலேயே நின்றுவிடும். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நாஸ்லர் சுட்ட குண்டுகள், சேறு காய்ந்து படிந்திருந்த ஒரு மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான் இனம்) மானின் தோளில் அவ்வாறே சிதறின. சுட்டதோ மேக்னம் வகை ரைஃபிள். அதன் பின்னரே அவர், முன்பகுதி விரிந்தாலும் பின்பகுதி குலையாதபடி நடுவில் உலோகத் தடுப்புள்ள குண்டை உருவாக்கினார். கொலராடோ மாநில விதியும், எல்க் வேட்டைக்குக் குறைந்தது 6 மி.மீ. காலிபர் என்பதோடு நிற்காமல், விரியும் குண்டாக இருத்தல், குறைந்தபட்ச எடை, 100 கஜத்தில் சுமார் 1,356 ஜூல் ஆற்றல் ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கிறது. ஆயினும் அது சட்டத்தின் கீழ்வரம்புதான். எல்க்குக்கு அதைவிட வலுவான தோட்டாவே பொருத்தம்.

அப்படியானால் மேக்னத்தால் கிடைக்கும் ஆதாயம் என்ன? காற்றுத் தடையால் வேகம் குறைந்துகொண்டே வரும் மேக்னம் குண்டு, .30-06 குண்டு குழல்வாயில் கொண்டிருந்த வேகத்துக்குச் சுமார் 100 கஜத்தில் இறங்கிவிடுகிறது. ஆக, கூடுதல் வெடிமருந்து தருவது ஏறத்தாழ அந்த 100 கஜத் தொலைவை மட்டுமே. அதற்கு ஈடாகத் தோளில் விழும் உதை கணிசமாகக் கூடுகிறது. குண்டின் உந்தத்தோடு, குழலிலிருந்து பீறிடும் வாயுவின் உந்தத்தையும் துப்பாக்கியே பின்னோக்கி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உதைக்கு அஞ்சி விசையை இழுக்கும் கணத்தில் உடல் சுளித்தால் குறி தவறும். அடர்ந்த ஊசியிலைக் காட்டில் 200 கஜத்துக்குள் சுடுபவருக்கு .30-06 ரைஃபிளோ, உறுதியான குண்டு பொருத்திய .270 வின்செஸ்டர் தோட்டாவோ தாராளமாகப் போதும் என்றே கருதுகிறேன். மேலும், எல்க் திரியும் 3,000 மீட்டர் உயரங்களில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கால்பங்கு குறைவு என்பதால், இந்தச் சிறிய தோட்டாக்களின் குண்டுகளும் தம் வேகத்தைச் சற்று நெடுந்தொலைவு காத்துக்கொள்கின்றன.