31-ஆம் தேதி எங்கே போகிறது?

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு கெமிக்கல் சப்ளை செய்யும் அலுவலகம் ஒன்றின் கணக்காளர் கேட்டிருக்கிறார்: "பில்லிங் சாஃப்ட்வேரில் அக்டோபர் மொத்தம் ஒன்று வருகிறது, பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் தயாரிக்கும் சாஃப்ட்வேர்) ரிப்போர்ட்டில் வேறொன்று வருகிறது. தேடிப் பார்த்தால் கடைசி நாள் பில்கள் மட்டும் இல்லை. மாதாமாதம் இதே கதை. கோளாறு ரிப்போர்ட்டிலா, எங்கள் டேட்டாவிலா?"

டேட்டா சரியாகத்தான் இருக்கும். ரிப்போர்ட்டும் கேட்டதைத்தான் கொடுத்திருக்கும். கேட்ட விதத்தில்தான் சிக்கல்.

கம்ப்யூட்டர் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. எக்செலில் 1900 ஜனவரி 1-க்கு எண் 1. அங்கிருந்து நாளுக்கு ஒன்று கூடும். 2025 அக்டோபர் 1 என்பது 45931, அக்டோபர் 31 என்பது 45961. (1900 லீப் ஆண்டே இல்லை. ஆனாலும் எக்செலில் அந்த ஆண்டு பிப்ரவரி 29 உண்டு! லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் சாஃப்ட்வேர் செய்த பிழையை, பழைய ஃபைல்கள் ஒத்துப்போக வேண்டுமே என்று மைக்ரோசாஃப்ட் தெரிந்தே எடுத்துக்கொண்டது.) நேரம் தசமத்தில் உட்கார்ந்திருக்கும். நண்பகல் .5, மாலை 6 மணி .75.

இப்போது வடிகட்டலைப் பாருங்கள். பவர் பிஐ-க்கு டேட்டாவை எடுத்துத் தரும் எஸ்க்யூஎல்-இல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) 'அக்டோபர் 1 முதல் 31 வரை' என்று பிட்வீன் ('இதிலிருந்து இது வரை') போட்டு எழுதினால், எக்செல் எண்ணில் சொல்வதென்றால், 45931-க்குக் குறையாத, 45961-ஐத் தாண்டாத வரிகள் மட்டும் வரும். 31-ஆம் தேதி மாலை 6 மணிக்குப் போட்ட பில்லின் எண் 45961.75. தாண்டிவிட்டது, வெளியே போ! காலை 9:30 பில்லுக்கும் அதே கதிதான். 31-ஆம் தேதியில் உள்ளே நுழைவது நள்ளிரவு சரியாக 12:00 மணி என்ற ஒரே ஒரு கணம். அந்த நேரத்தில் ராணிப்பேட்டையில் யார் பில் போடுகிறார்கள்?

பலர் இதற்கு 'அக்டோபர் 31, 23:59:59 வரை' என்று ஒட்டுப் போடுவார்கள். கடைசி நொடிக்குள் பதிவானது அப்போதும் நழுவும். சரி, 23:59:59.999 என்று போடலாமே என்றால், மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் பழைய 'டேட்டைம்' வகை நொடியை 300 பங்காகத்தான் பிரித்து வைத்துக்கொள்ளும். .999 அதில் அடங்காது, மறுநாள் 00:00:00 என்று முழுமையாகிவிடும். நவம்பர் 1-ஆம் தேதிக்கு நேரமே இல்லாமல் பதிந்த பில் எல்லாம் அக்டோபருக்குள் வந்து உட்காரும். காணாமல் போனதைத் தேடிப் போய், இரட்டிப்பாக எண்ணிவிட்டு வருவோம்.

சரியான வழி கண்ணுக்கே அழகானது:

பில் தேதி >= 01-10-2025
பில் தேதி < 01-11-2025

தொடக்கம் சேரும், முடிவு சேராது. இதில் மாதத்தின் கடைசி நாள் எது என்ற கேள்வியே எழுவதில்லை. 30-ஆ, 31-ஆ, இந்தப் பிப்ரவரிக்கு 28-ஆ, 29-ஆ என்று பார்க்க வேண்டாம். ஒரு மாதம் முடிகிற எண்தான் அடுத்த மாதம் தொடங்குகிற எண். இரண்டு கழனிகளுக்கு நடுவே ஒரே வரப்பு, அதுவும் ஒருவருக்கே சொந்தம். பன்னிரண்டு மாதங்களையும் கூட்டினால் ஆண்டு மொத்தம் பைசா பிசகாமல் வரும். இன்னொரு லாபமும் உண்டு. 'வருடம் = 2025, மாதம் = 10' என்று வடிகட்டினால் ஒவ்வொரு வரியின் தேதியையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். இந்த முறையில் தேதிப் பத்தி அப்படியே நிற்பதால், அதற்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவு போன்றது) இருந்தால் டேட்டாபேஸ் நேராக அந்த இடத்துக்கே போகும்.

எல்லையை எங்கே வைப்பது என்பது பஞ்சாங்கக்காரர்களுக்கும் வந்த கேள்விதான். தமிழ் மாதப் பிறப்புக்கு அவர்கள் வைத்த விதி, சூரியன் அடுத்த ராசிக்கு மாறும் சங்கிராந்தி அன்றைய அஸ்தமனத்துக்கு முன் நேர்ந்தால் அன்றே மாதம் பிறக்கும், பின்னர் என்றால் மறுநாள். தெளிவான விதி. அந்தக் கணக்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அஷ்டமி, நவமி என்று பில் தேதியைத் தள்ளிப் போடுவதன் மேல் கிடையாது. சரக்கு செவ்வாயன்று போய், பில் வியாழனன்று போட்டால், மாதக் கடைசியில் ஸ்டாக்கும் விற்பனையும் வேறு வேறு மாதத்தில் நிற்கும்.

பவர் பிஐ-க்குள் தேதியைத் தேர்ந்தெடுக்கும் ஸ்லைசர் கடைசி நாளை முழுதாகவே சேர்த்துக்கொள்ளும். அங்கே வழுக்கும் இடம் வேறு. நாளுக்கு ஒரு வரி வைத்த காலண்டர் டேபிளில் தேதிகள் முழு எண்கள். பில் டேபிளில் தசமம் ஒட்டியிருந்தால் இரண்டும் இணையாது, அந்தப் பில்கள் வெற்று வரியில் போய்க் குவியும். டேட்டாவை உள்ளே எடுக்கும் பவர் குவெரியிலேயே பத்தியின் வகையை 'டேட்/டைம்' என்பதிலிருந்து 'டேட்' என்று மாற்றிவிடுங்கள். நேரமும் வேண்டுமென்றால் தனிப் பத்தியாகப் பிரித்து வையுங்கள். இன்னொன்று, அதன் 'இன்று', 'கடந்த 7 நாள்' வடிகட்டிகள் யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி ஓடுகின்றன. நம்முடைய நேரம் அதைவிட 5:30 மணி முன்னே. காலை 5:30-க்கு முன் ஆம்பூரில் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர் 'இன்று' என்று அழுத்தினால் நேற்றைய கணக்குதான் வரும்.

மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க அமைப்பில் உள்ள கம்ப்யூட்டரில் நம் சிஎஸ்வி-யை (காற்புள்ளியால் பிரித்த டேட்டா ஃபைல்) திறப்பது எல்லாவற்றையும்விட மோசம். 05/10/2025 மே 10 ஆகிவிடும். 13-ஆம் தேதி முதல் தேதியாகவே ஏறாமல், இடப்பக்கம் ஒட்டிய எழுத்தாக நிற்கும். ஆண்டுக்கு 132 நாள்கள் சத்தமில்லாமல் இடம் மாறும். எக்செல் வகுப்புகளில் வண்ணச் சார்ட்டுக்கு ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள், இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

எல்லை சரியாக இருந்தும் ரிப்போர்ட் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ரம்ஜான் 2024-இல் ஏப்ரல் 11 அன்று வந்தது, 2025-இல் மார்ச் 31 அன்று. இரண்டுமே 2024-25 நிதியாண்டுக்குள்! ஆம்பூர், வாணியம்பாடி கடைகளில் பண்டிகைக்கு முந்தைய பத்து நாள் வியாபாரம் அந்த ஆண்டில் இரண்டு முறை ஏறியிருக்கும். வேலூர் ஜவுளிக்கடைக்குத் தீபாவளியில் இதே சிக்கல்: 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. 'போன வருடம் இதே மாதம்' என்று ஒப்பிட்டால் 2024 நவம்பர் படுத்துவிட்டதாகத் தெரியும். காலண்டர் டேபிளில் 'பண்டிகைக்கு எத்தனை நாள்' என்று ஒரு பத்தி சேர்த்து, பண்டிகை நாளுக்கு 0, முந்தின நாளுக்கு -1 என்று நிரப்பி, -10 முதல் -1 வரை வடிகட்டி ஒப்பிடுங்கள். அந்தப் பத்து நாள்களும் முழு எண்கள் என்பதால் அங்கே பிட்வீன் போட்டாலும் ஒன்றும் ஆகாது.