முதல் கரண்டியிலேயே இரும்புச்சத்து இருக்கட்டும்

தாய்ப்பாலோடு இணை உணவும் தொடங்கும் நேரத்தில் தாய்மார்கள் பலரும் கேட்பது இது: "தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவாமே, என் பால் போதாதா?" பாலில் எந்தக் குறையும் இல்லை. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மில்லிகிராம் இரும்புதான் உண்டு. ஆனால் அதில் பாதியளவைக் குழந்தையின் குடல் எடுத்துக்கொள்கிறது. வேறெந்த உணவிலிருந்தும் இவ்வளவு தாராளமாக எடுப்பதில்லை. முதல் ஆறு மாதங்களுக்கு அது போதும். காரணம், கருவில் இருந்த கடைசி மூன்று மாதங்களில் சேர்த்துவைத்த இருப்பு குழந்தையிடம் இருக்கிறது.

அந்த இருப்பு கரைவதுதான் பிரச்சினை. ஐந்து மாத வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகிறது, கூடவே ரத்தத்தின் அளவும் பெருகுகிறது. ஆறாம் மாதத்தில் சேமிப்பு ஏறத்தாழ தீர்ந்துவிடும். தாய் இரும்பு மாத்திரை சாப்பிட்டால் பாலில் இரும்பு அதிகரிக்காதா என்றால், அதிகரிக்காது. தாயின் ரத்தசோகைக்கு அந்த மாத்திரை அவசியம்தான். பாலில் உள்ள இரும்பின் அளவை அது மாற்றுவதில்லை.

7 முதல் 12 மாதக் குழந்தைக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம். வளர்ந்த ஆணுக்கான 8 மில்லிகிராமைவிட இது அதிகம். உணவில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. உடலுக்குள் போக வேண்டியது சுமார் 1 மில்லிகிராம். முக்கால் லிட்டர் தாய்ப்பால் தருவதோ 0.15 மில்லிகிராமைத் தாண்டாது. மீதி முழுவதும் கரண்டியில் வர வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறு நேர்கிறது. முதல் சில வாரங்கள் பழக்கூழ், நீர்த்த கஞ்சி, பருப்பு வேகவைத்த தண்ணீர், எலும்பு சூப் என்றே போய்விடுகின்றன. பருப்பின் இரும்பு பருப்பில்தான் இருக்கிறது, இறைச்சியின் இரும்பு இறைச்சியில்தான். வடித்த நீரைக் கொடுத்துவிட்டு சக்கையை ஒதுக்கினால், சிறு வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாக மசித்துக் கொடுங்கள்.

இறைச்சி உண்ணும் குடும்பம் என்றால் தயக்கமே வேண்டாம். ஆறு மாதம் முடிந்து, தலை நின்று, பிடித்துவைத்தால் உட்காரும் குழந்தைக்கு இறைச்சி முதல் வாரத்திலேயே கொடுக்கலாம். நன்றாக வேகவைத்து, வெந்த நீரையே சேர்த்து நார் தட்டாமல் அரைக்க வேண்டும். இறைச்சியில் உள்ள ஹீம் வகை இரும்பு எளிதில் சேரும். கூடவே தரும் பயறு, காய்களின் இரும்பையும் உடல் எடுத்துக்கொள்ள இறைச்சி உதவுகிறது. ஈரலில் இரும்பு மிக அதிகம், ஆனால் வைட்டமின் ஏ-யும் மிக அதிகம். வாரத்துக்கு ஒருமுறை, ஓரிரு தேக்கரண்டி போதும். முழு முட்டையில் 1 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே இரும்பு இருக்கிறது, மஞ்சள் கருவில் உள்ள ஒரு புரதம் அதையும் பிடித்துவைத்துக்கொள்ளும். முட்டை நல்ல உணவு. இரும்புக்கு அதையே நம்பியிருக்க வேண்டாம். கீரையும் அப்படித்தான்.

சைவக் குடும்பங்களில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. 100 கிராம் வெந்த பருப்பில் வகையைப் பொறுத்து சுமார் 1 முதல் 3 மில்லிகிராம் இரும்பு இருந்தாலும், ஃபைடேட் என்ற பொருள் அதில் பெரும்பகுதியைச் சேரவிடாது. பயறை இரவு முழுவதும் ஊறவைத்து நீரைக் கொட்டிவிடுவதும், முளைகட்டுவதும் ஃபைடேட்டைக் குறைக்கும். அதே வேளை உணவிலேயே வைட்டமின் சி சேர வேண்டும்: தக்காளி, ஆரஞ்சு, கொய்யா, எலுமிச்சை எதுவானாலும் சரி. சூடு வைட்டமின் சி-யை அழிக்கும் என்பதால் எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். காலையில் பயறு, மாலையில் பழம் என்று பிரித்துக் கொடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது. இரும்பு செறிவூட்டிய குழந்தைத் தானிய உணவு வாங்கினால், ஒருவேளை அளவில் எத்தனை மில்லிகிராம் இரும்பு, சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

அளவு: தொடக்கத்தில் வேளைக்கு 2–3 மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. எட்டு மாதம் முடிவதற்குள் அரைக் கிண்ணம் வரை போகலாம். ஒரு வேளையாவது இரும்பு மிகுந்த உணவாக இருக்கட்டும், இரண்டானால் இன்னும் நல்லது. தாய்ப்பால் வழக்கம்போலத் தொடரட்டும். தேநீர் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் பசும்பாலைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். அதில் இரும்பு சொற்பம், சேர்வதும் கடினம், சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவையும் உண்டாக்கும்.

குறைப்பிரசவக் குழந்தைகளும் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களும் ஆறு மாதம் வரை காத்திருக்க முடியாது. அவர்களது சேமிப்பே சிறியது. எடை குறைந்து பிறந்தவர்களுக்கு 2 மாதத்திலிருந்து கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2–4 மில்லிகிராம் இரும்பு தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறைமாதக் குழந்தைகளுக்கு 4 மாதத்திலிருந்தே இரும்புச் சொட்டு மருந்து தரலாமா என்பதில் மருத்துவ அமைப்புகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் குழந்தைக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வெளிறிய உதடு, உள்ளங்கை, பசியின்மை, சிணுங்கல், சோர்வு எல்லாம் தாமதமாகத் தெரிபவை. இரும்புக் குறைபாடு மூளை வளர்ச்சியைத் தொடத் தொடங்குவது ரத்தசோகை தெரிவதற்கு முன்பே நிகழலாம். சந்தேகம் இருந்தால் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சளி, காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம்.

சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தால், சீட்டில் உள்ளது மருந்து உப்பின் அளவா, தனி இரும்பின் அளவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் என்ற உப்பில் இரும்பு சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். புட்டிக்குப் புட்டி செறிவும் மாறும், ஒன்றின் மருந்து அளக்கும் பில்லரை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். மலம் கறுப்பது இயல்பு. புட்டியை மூத்த குழந்தையின் கைக்கும் எட்டாமல் பூட்டி வையுங்கள்: இரும்பு மருந்து அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து, குடித்துவிட்டதாகத் தெரிந்தால், குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.