படகில் பிரேக்கர் ட்ரிப் ஆகிறதா? நேரத்தைக் கவனியுங்கள்

படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் 12 வோல்ட் பில்ஜ் பம்பின் பிரேக்கர் அடிக்கடி விழுந்தால், பலரும் முதலில் செய்வது 10 ஆம்பியருக்குப் பதில் 20 ஆம்பியர் பிரேக்கர் மாட்டுவது. இது ஆபத்து. பிரேக்கர் காப்பது பம்பை அல்ல, ஒயரை. பெரிய பிரேக்கர் விழாது, ஒயர்தான் எரியும்.

பிரேக்கர் எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்பதே முதல் துப்பு. வெப்ப-காந்த வகை பிரேக்கருக்குள் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. மிகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்தால் காந்தச் சுருள் அக்கணமே இணைப்பைத் துண்டிக்கும். அளவை மீறிய மின்னோட்டம் நீடித்தால் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து, சற்றுப் பொறுத்துத் துண்டிக்கும். ஆகவே போட்டவுடன் விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட். சில நொடிகளில் விழுந்தால் மோட்டார் சுழலாமல் இறுகியிருக்கலாம். வலைநூலோ பிளாஸ்டிக் துண்டோ இம்பெல்லரில் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) சிக்கினால் மின்னோட்டம் வழக்கத்தைப் போலப் பல மடங்கு எகிறும்.

பல நிமிடம் ஓடிவிட்டு விழுவதுதான் ஆளைக் குழப்பும். ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் DC அளக்கும் வகையை மாட்டிப் பாருங்கள் (சாதாரணக் கிளாம்ப் மீட்டர்கள் பல AC மட்டுமே அளக்கும்). மின்னோட்டம் சரியாக இருந்தும் விழுகிறதென்றால் பிரேக்கரின் டெர்மினலைச் சோதிக்க வேண்டும். உப்புக்காற்றில் பச்சை பிடித்த, தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 10 ஆம்பியர் பாயும்போது அந்த இடத்தில் 10 வாட் வெப்பம் உண்டாகும். அது தகட்டைச் சுட்டு வளைத்துவிடும். எஞ்சின் அறை வெக்கையும் இதே வேலையைச் செய்யும்: வீட்டு எம்சிபி (வீடுகளில் மாட்டும் சிறிய பிரேக்கர்) 30 டிகிரிக்கு அளவிடப்பட்டது, 50 டிகிரியில் சீக்கிரம் விழும்.

ஷார்ட் என்று பட்டால் பிரேக்கரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். பெட்ரோல் எஞ்சின் படகென்றால் முதலில் காற்றோட்டம் விட்டு, ஆவி நீங்கியபின் வேலையைத் தொடங்குங்கள். பம்பைக் கழற்றிவிட்டு, பிரேக்கரை ஆஃபில் வைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருந்தாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் பாயாது. பல்பு பிரகாசமாக எரிந்தால் கோளாறு ஒயரில். ஒயரை அங்கங்கே அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு மங்கும் இடத்தில்தான் கோளாறு. நீர் ஏறினால் மிதந்து பம்பை இயக்கும் ஃப்ளோட் சுவிட்சைத் தூக்கிப் பிடிக்க மறக்க வேண்டாம், இல்லையேல் அதற்கு அப்பாலுள்ள ஒயர் சோதனைக்கே வராது. பல்பு எரியவே இல்லையா? சந்தேகம் பம்பின் மேல்.

குற்றவாளி பெரும்பாலும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட்தான். அதை வெட்டி, செம்பு கறுத்திருந்தால் பளபளக்கும் இடம்வரை ஒயரைக் குறைத்து, வெள்ளீயம் பூசிய ஒயரைக் கிரிம்ப் செய்து (இணைப்புக் குழலுக்குள் வைத்து அழுத்தி இறுக்கி), உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். ஜாயிண்டை நீர்மட்டத்துக்கு மேலே கட்டுங்கள்.