பனியன் கம்பெனியில் ஒரு புது நாற்காலி

திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் பக்கத்திலேயே நின்று, டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை வாங்கி மடித்து அடுக்குபவருக்குக் கைமடி என்று பெயர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரின் மெயிலுக்குப் பதில் எழுதுவது, சாம்பிளில் ஷேடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, கப்பல் தேதி தவறாமல் சரக்கை அனுப்பிவைப்பது எல்லாம் அவர் வேலை. உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் பனியன் தைத்த காலத்தில் இப்படியொரு நாற்காலிக்கே தேவை இருக்கவில்லை.

வெளிநாட்டு வணிகம் வந்தால் இந்த இருவரில் யார் கூலி அதிகம் ஏறும்? பொருளாதாரப் பாடப்புத்தகக் கணக்கு கைமடிக்குச் சாதகமானது. 1941-இல் பொருளாதார அறிஞர்கள் ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் எழுதிய கட்டுரையின் தர்க்கப்படி, வெளிநாட்டு வணிகத்துக்குக் கதவைத் திறந்தால் ஒரு நாட்டில் எது மலிந்து கிடக்கிறதோ அதற்குக் கிராக்கி ஏறும். ஏழை நாட்டில் மலிந்து கிடப்பது அதிகம் படிக்காதவர்களின் உழைப்பு. ஆகவே அவர்கள் கூலி ஏறி, படித்தவர்கள் சம்பளத்தோடு உள்ள இடைவெளி குறைய வேண்டும்.

மெக்சிகோ 1986-இல், நாடுகளுக்கிடையிலான வணிகத் தடைகளைக் குறைக்கும் காட் (GATT) ஒப்பந்தத்தில் சேர்ந்து கதவைத் திறந்தது. இடைவெளி குறையவில்லை, விரிந்தது! ஏன்? ஃபீன்ஸ்ட்ரா, ஹேன்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க எல்லையோரத்து மகிலடோரா ஆலைகளில் விடை தேடினார்கள். வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பொருத்தித் திருப்பி அனுப்பும் ஆலைகள் அவை. அமெரிக்க முதலாளி தன்னிடம் இருப்பதிலேயே குறைந்த திறன் கேட்கும் வேலையைத்தான் வெளியே தள்ளுகிறார். ஆனால் அது மெக்சிகோவில் இறங்கும்போது, அங்கே ஏற்கெனவே இருக்கும் வேலைகளைவிடக் கூடுதல் திறன் கேட்கிறது. அமெரிக்காவில் கடைசிப் படி, மெக்சிகோவில் மேல்படி. இதில் வேடிக்கை, ஒரே வேலை இடம் மாறியதில் இரண்டு நாட்டிலும் திறன் உள்ளவருக்குத்தான் மவுசு கூடுகிறது.

திருப்பூருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். இங்கிலீஷில் பையரைச் சமாளிக்கத் தெரிந்தவர் கொஞ்சம் பேர்தான். பக்கத்துக் கம்பெனி கூடுதல் சம்பளம் சொன்னால் போய்விடுவார். கைமடி வேலைக்கோ ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதற்காகக் கைமடிக்கு இதில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. மழையை நம்பிய வயல்காட்டு வேலையைவிட வாரச் சம்பளம் மேல் என்றுதானே வருகிறார்கள். வறுமை குறைவதும் ஏற்றத்தாழ்வு கூடுவதும் ஒரே கூரையின் கீழ் நடக்கலாம்.

சரி, கதவைத் திறந்தாலே இப்படித்தானா? பிரேசில் 2000-க்குப் பிறகும் உலகச் சந்தையில்தான் இருந்தது, ஆனால் அங்கே வருமான இடைவெளி குறைந்தது. குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது, ஏழைக் குடும்பங்களுக்கு அரசின் உதவிப் பணம் போனது. அப்புறம், பள்ளி முடித்து வந்தவர்கள் ஏராளமானதால் படிப்புக்கென்று கிடைத்த கூடுதல் சம்பளம் இறங்கியது.