மாதிரிப் பொட்டலம் தோட்டம் ஆகாது

மாதிரிக்கு நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு மூட்டையில் கவிழ்ந்த காபித் தோட்டக் குடும்பங்களில், இந்தப் பருவத்தில் இது மூன்றாவது. இனியும் எழுதாமல் இருந்தால் தப்பு என்று தோன்றியதால் உட்கார்ந்துவிட்டேன்.

காபியைச் சுவைத்து மதிப்பெண் போடுவது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒரு சிறு தோட்டத்திலிருந்து அரைக் கிலோ பச்சைக் கொட்டை, அதாவது வறுக்காத காபிக் கொட்டை, மாதிரியாக வந்தது. அப்பா, அம்மா, மகன், மருமகள் என நான்கு பேரும் இறங்கி வேலை பார்க்கும் தோட்டம். கொட்டை ஒரே அளவு, ஒரே நிறம். வறுத்து ஐந்து கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். ஐந்தும் ஒன்றுபோல இருந்தன. 100க்கு 86 போட்டேன். அந்த எண்ணைக் காட்டி மகன் ஒரு வறுவல் நிறுவனத்திடம் ஸ்பெஷாலிட்டி காபியாக, அதாவது உயர்தரத்துக்காகத் தனி விலைக்குப் போகும் காபியாக, பத்து மூட்டைக்கு ஆர்டர் வாங்கினார். மூட்டைகள் போய்ச் சேர்ந்தன, அப்படியே திரும்பியும் வந்தன.

அதில் ஒரு மூட்டையை என்னிடம் கொண்டுவந்தார்கள். வாயைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டேன். மேலே நன்றாகக் காய்ந்த கொட்டை. உள்ளே போகப் போகக் கை சில்லிட்டது, ஈரச்சாக்கு வாடை வந்தது. ஈரமானி 13.6 சதவீதம் காட்டியது. 350 கிராம் அள்ளித் தட்டில் பரப்பினேன். பூசணம் பிடித்தவை மூன்று, முழுக் கறுப்பு இரண்டு, துளைப்பான் பூச்சி குடைந்தவை எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தன. “சார், நீங்கதானே 86 போட்டீங்க?” என்றார் மகன். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அம்மாதான் மெல்ல வாய் திறந்தார். மாதிரி அனுப்புவதற்கு முந்தின இரண்டு ராத்திரியும் விளக்கடியில் முறத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கொட்டையாகப் பொறுக்கி எடுத்தது அவர்தானாம்.

இதைத்தான் எத்தனை முறை சொல்வது என்று தெரியவில்லை. நான் போடும் எண் தோட்டத்துக்குக் கிடைத்த பட்டம் இல்லை. என் மேஜைக்கு வந்த பொட்டலத்தைப் பற்றிய தகவல், அவ்வளவுதான். பொட்டலம் மூட்டையிலிருந்து வந்திருந்தால் அந்த எண் மூட்டையைப் பற்றியும் பேசும். முறத்திலிருந்து வந்திருந்தால் முறத்தைப் பற்றி மட்டுமே பேசும். “நம்ம தோட்டம் 86 வாங்கின தோட்டம்” என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் அடுத்த வாக்கியம் பெரும்பாலும் கடன் வாங்கிய கதையாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் வேண்டும். அரைக் கிலோ மாதிரிக்கு மூன்று கிலோ பழம் போதும். வீட்டு வாசலை ஒட்டிய மரங்களிலேயே கிடைத்துவிடும். அறுபது கிலோ மூட்டை பத்து என்றால் 600 கிலோ கொட்டை, அதாவது 3,600 கிலோ பழம். ஒரு ஆள் நாளுக்கு ஐம்பது கிலோ பறித்தால்கூட 72 ஆள்நாள் வேலை. பழுத்ததை மட்டும் பறித்தால் அந்த ஐம்பதும் வராது. அந்த நாட்களில் மழை வரும், ஆள் வராது, பழத்தின் தோலுரிக்கும் பல்ப்பர் இயந்திரம் பழுதாகும், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும். இத்தனைக்கும் நடுவில் கடைசி மூட்டையும் முதல் மூட்டை போலவே இருக்க வேண்டும். ஸ்பெஷாலிட்டி காபியின் கஷ்டம் முழுக்க இந்த ‘போலவே’யில்தான் இருக்கிறது. நல்ல காபி ஒரு கோப்பை எடுப்பது பெரிய விஷயமே இல்லை. கடல்மட்டத்திலிருந்து கொஞ்சம் உயரமும் நல்ல ரகமும் இருந்தால் எந்தத் தோட்டத்திலும் எடுக்கலாம்.

பலரும் 80 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 100க்கு 80 வந்தால் ஸ்பெஷாலிட்டி, சரி. ஆனால் சுவைக்கு முன்னால் கண் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. வெகுகாலமாகப் பலரும் பின்பற்றிவந்த அளவுகோல்படி 350 கிராமில் முதல்தரக் குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு, பூசணம், உலர்ந்த பழம், கல், குச்சி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சிறு குறைகள் ஐந்து வரை போகலாம். மேலே சொன்ன மூட்டை சுவைக்கு வரும் முன்பே விழுந்துவிட்டது.

அடுத்தது பீப்பாய் மோகம். காற்றுப் புகாத பீப்பாயில் அடைத்து, பழச்சாறு சேர்த்து, ஈஸ்ட் தூவி, நூறு மணி நேரம் புளிக்கவைத்தால் சாதாரணப் பழமும் ஸ்பெஷாலிட்டி ஆகிவிடும் என்று எங்கேயோ வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். பச்சையும் பழுத்ததும் கலந்த பழத்தைப் பீப்பாயில் போட்டால் புளித்த கலவைதான் வெளியே வரும். 1974இல் எர்னா நட்சன் என்ற காபி வணிகர் ‘ஸ்பெஷாலிட்டி காபி’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, ஒரு நிலமும் அதன் தனிப்பட்ட பருவநிலையும் கொட்டைக்குத் தரும் சுவையைத்தான் மனத்தில் வைத்திருந்தார். நிலம் தந்ததைக் கெடுக்காமல் மூட்டைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் களத்து வேலை. பீப்பாய் வாங்கும் பணத்தில் முதலில் ஒரு நல்ல ஈரமானி வாங்குங்கள். தயவுசெய்து.

பறிப்பில்தான் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. ஒரே கிளையில் பச்சை, செங்காய், பழம் மூன்றும் இருக்கும். குறைந்தது மூன்று நான்கு சுற்றாவது போக வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, “பச்சையை ஏன் பறித்தாய்” என்று ஆளைத் திட்டுவதில் நியாயமே இல்லை. எடைக்குக் காசு கொடுத்தால் எடைதான் வரும். நாள் கூலி கொடுங்கள், அல்லது பழுத்த பழத்துக்குத் தனியாகக் கூட்டிக் கொடுங்கள். பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை ஒதுக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அதையும் செய்யாமல் வரும் மாதிரிகளை நான் தினமும் பார்க்கிறேன்.

உலர்த்துவதில் அவசரம்தான் எல்லோரையும் கவிழ்க்கிறது. தோலுரித்துக் கழுவிய காபிக்கு, உலர்த்துவதற்கென்று தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கட்டிலில் பத்திலிருந்து பதினைந்து நாள், முழுப் பழமாக உலர்த்தினால் மூன்று நான்கு வாரம் என்று வையுங்கள். மேகத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். கையில் உரசினால் சலசலக்கிறது, அதனால் காய்ந்துவிட்டது என்பார்கள். வெளி ஓடுதான் சலசலக்கும். வெயிலில் சூடாக இருக்கும்போதே அளக்காதீர்கள், நிழலில் ஆறவிட்டு அளங்கள். ஈரம் 10க்கும் 12 சதவீதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். 12ஐத் தாண்டியதை ‘போகப் போகக் காய்ந்துவிடும்’ என்று மூட்டை கட்டாதீர்கள், மூட்டைக்குள் அது காயாது. அந்த வீட்டில் கடைசி நான்கு நாள் காபியை மழைக்குப் பயந்து வாரிக் கட்டியிருக்கிறார்கள். அதைத் தனியாக வைத்திருந்தால் அந்த நான்கு நாள் காபியோடு நஷ்டம் நின்றிருக்கும். நல்லதோடு கலந்துவிட்டதால் பத்து மூட்டையும் போயிற்று. அப்புறம் சாக்குகளைச் சிமெண்டுத் தரையில் நேராக அடுக்குவது. பலகை போடாத கிடங்கைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

குடும்பத் தோட்டத்துக்கு இன்னொரு பிரச்சினை உண்டு, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மத்தியான வெயிலில் மணிக்கொரு முறை கட்டிலில் காபியைப் புரட்டிவிடுவது மருமகள். ராத்திரி பனி விழும் முன் தார்ப்பாய் போடுவது அப்பா. பொறுக்குவது அம்மா. கணக்கு நோட்டில் இவர்கள் மூவருக்கும் கூலி எழுதப்பட்டிருக்கவில்லை. கூலியே போடாமல் ‘லாபம்’ என்று கூட்டிக் காட்டினார் மகன். வெளியாள் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதை வீட்டு ஆளுக்கும் எழுதுங்கள். எழுதிய பிறகும் மிச்சம் வந்தால்தான் அது லாபம். எழுதாத வீடுகளில் இரண்டாவது மூன்றாவது வருஷம் யாராவது ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓய்ந்துபோகிறார். காபி கெட ஆரம்பிப்பது அந்த நாளில்தான். அப்படி ஓய்ந்துபோவது பெரும்பாலும் அம்மாதான்.

பணம் வரும் காலமும் அப்படித்தான். பறிப்பவர்களுக்கு வாரக் கடைசியில் கூலி கொடுத்தாக வேண்டும். வாங்குபவர் பணம் தர மாதங்கள் ஆகும். பழமாகவே விற்றால் அன்றைக்கே காசு. இந்த இடைவெளியைத் தாங்கப் பணம் இல்லாமல் மொத்தத் தோட்டத்தையும் ஸ்பெஷாலிட்டிக்கு மாற்றாதீர்கள். ஒரு துண்டு நிலத்தில் தொடங்குங்கள். பாக்கியை வழக்கம்போல விற்று வீட்டை நடத்துங்கள்.

எந்தத் துண்டு என்று கேட்கிறீர்களா? பிரித்துவைத்துச் சுவைத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பனாமாவில் லா எஸ்மரால்டா என்பது ஒரு குடும்பத்தின் தோட்டம். கெய்ஷா ரகம் அங்கே மற்ற மரங்களோடு மரமாக நின்றுகொண்டிருந்தது. அதன் காபி மற்றதோடு கலந்தே போனது. பகுதி பகுதியாகப் பிரித்துச் சுவைத்துப் பார்த்த பிறகுதான் அது தனியாகத் தெரிந்தது. 2004இல் அதைத் தனியாகப் போட்டிக்கு அனுப்பினார்கள், காபி உலகமே திரும்பிப் பார்த்தது. மரமும் நிலமும் முன்பே இருந்தன, பிரித்தது மட்டும்தான் புதுசு. பிரிப்பதற்கு ஒரு மார்க்கரும் சில அட்டைகளும் போதும்.

மாதிரி எடுக்கும் முறை இதுதான். மூட்டை கட்டி முடித்த பிறகு, ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் ஒரு கை எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து பொட்டலம் போடுங்கள். மூட்டையைப் பொறுக்கிய அளவுக்கு மேல் மாதிரியில் ஒரு கொட்டையைக்கூடப் பொறுக்காதீர்கள். அதே கலவையில் இன்னொரு பொட்டலம் கட்டி, தேதி போட்டு வீட்டில் வையுங்கள். வாங்குபவரோடு தகராறு வந்தால் உங்களுக்குச் சாட்சி அது ஒன்றுதான். 82 வந்தால் வரட்டும். 82 என்று சொல்லி 82 கொடுக்கும் தோட்டத்துக்கு வாங்குபவர் அடுத்த வருஷமும் வருவார்.

அந்தப் பத்து மூட்டையும் கடைசியில் சாதாரணக் காபியின் விலைக்குத்தான் போயிற்று. இந்த முறை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுத் துண்டை மட்டும் தனியாகப் பறிக்கப் போகிறார்களாம். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “எத்தனை மூட்டை வரைக்கும் ஆள் வைத்துப் பொறுக்கலாம்?” அதை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மூட்டை வந்தது.

இனி என்னிடம் மாதிரி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொட்டலத்தின் மேல் நான்கு விஷயம் எழுதியிருக்க வேண்டும்: எந்தத் துண்டு, மொத்தம் எத்தனை மூட்டை, எத்தனை மூட்டையிலிருந்து எடுத்தது, ஆறவிட்டு அளந்த ஈரம் எவ்வளவு. நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் வறுக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.