முதல் வெற்றிக்கு 25, இறுதிப் போட்டி வெற்றிக்கு 10

மகன் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் முதுகலை படிப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். "2024-25இல் விளையாட்டில் எங்கள் பல்கலைக்கழகம்தான் நாட்டிலேயே முதலிடம் என்று பையன் பெருமையாகச் சொல்கிறான். ஆனால் அந்த ஆண்டு ஃபுட்பால் சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட் என்று படித்தேனே. எது சரி?" என்பது அவர் கேள்வி.

இரண்டும் சரிதான். 2025 ஜனவரியில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் எடுத்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) பட்டத்தை வென்றது ஒஹாயோ ஸ்டேட். அரையிறுதியில் அவர்களிடம் தோற்று வெளியேறியது ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம். ஆனால் 2024-25 கல்வியாண்டில் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்து வழங்கும் டைரக்டர்ஸ் கோப்பை டெக்சாஸுக்குப் போனது. டெக்சாஸ் 1,255.25 புள்ளி, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1,253.75, ஸ்டான்ஃபோர்ட் 1,251. ஓர் ஆண்டு முழுக்க, பல நூறு வீரர்கள் ஆடி முடித்த பிறகு முதல் இரண்டு இடங்களுக்கும் ஒன்றரைப் புள்ளிதான் வித்தியாசம்!

கல்லூரி விளையாட்டு இயக்குநர்களின் தேசியச் சங்கம் 1993-94இல் இந்தக் கோப்பையைத் தொடங்கியது. முதல் ஆண்டு வட கரோலினா வென்றது. அதன் பிறகு 2018-19 வரை தொடர்ந்து 25 முறை ஸ்டான்ஃபோர்ட். அடுத்த ஆண்டு கொரோனாவால் கோப்பையே வழங்கப்படவில்லை. அதற்குப் பின் வந்த ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை டெக்சாஸ், ஒரு முறை ஸ்டான்ஃபோர்ட்.

சரி, நீச்சலையும் கூடைப்பந்தையும் எப்படிக் கூட்டுவது?

நம் பள்ளி விளையாட்டு விழாவில் சிவப்பு அணி, பச்சை அணி என்று பிரித்து, முதலிடத்துக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1 என்று கரும்பலகையில் எழுதுவார்களே, அடிப்படை அதேதான். பத்துத் தடகளப் போட்டிகளைச் சேர்த்து நடத்தும் டெக்கத்லானில் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. அங்கே ஓடிய நொடியையும் தாண்டிய மீட்டரையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் புள்ளி வந்துவிடும். கைப்பந்தில் அப்படி அளக்க எதுவும் இல்லை. யார் யாரை வென்றார்கள், கடைசியில் எத்தனையாவது இடம் என்பது மட்டும்தான் கையில் இருக்கும். ஆகவே இடங்களைத்தான் எண்களாக மாற்றியாக வேண்டும்.

இந்தக் கணக்கு பழையது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் கணிதருமான போர்டா 1770இல் தேர்தலுக்காக ஒரு முறையை முன்வைத்தார். ஒவ்வொரு வாக்காளரும் வேட்பாளர்களை வரிசைப்படுத்த வேண்டும். கடைசி இடத்துக்கு 1, அதற்கு மேலே 2, அதற்கு மேலே 3 என்று கொடுத்துக் கூட்ட வேண்டும். இங்கே ஒவ்வொரு விளையாட்டையும் ஒரு வாக்காளராகவும், பல்கலைக்கழகங்களை வேட்பாளர்களாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி வரிசைகளைச் சேர்த்து ஒரே வரிசையாக்கும் எந்த விதியும் நியாயமான எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று 1951இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ நிரூபித்துவிட்டார். அதனால் குறையில்லாத சூத்திரத்தைத் தேடிப் பயனில்லை. எந்தச் சூத்திரம் எதை மதிக்கிறது என்று பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 64 அணிகள் மோதும் தேசியப் போட்டிக்கு டைரக்டர்ஸ் கோப்பை தரும் புள்ளிகளைப் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் 25. ஓர் ஆட்டம் வென்று அடுத்ததில் தோற்றால் 50. பிறகு 64, 73, 83. இறுதிப் போட்டியில் தோற்றால் 90. பட்டம் வென்றால் 100.

இந்த எண்களின் இடைவெளிகளை எடுத்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஆறு வெற்றிகளுக்கும் முறையே 25, 14, 9, 10, 7, 10 கிடைக்கிறது. முதல் சுற்றில், அரைகுறையாக நிரம்பிய அரங்கில் பெறும் வெற்றி 25 புள்ளி கூட்டுகிறது. நாடே பார்க்கும் இறுதிப் போட்டியின் வெற்றி கூட்டுவது 10தான்!

ஏன் இப்படி? இரண்டு விதமாக யோசிக்கலாம். போர்டா வழியில், தாண்டிய இடங்களை எண்ணுவோம். முதல் ஆட்டத்தில் தோற்ற 32 அணிகளும் 33 முதல் 64 வரையிலான இடங்களைப் பகிர்கின்றன, சராசரி 48.5. ஓர் ஆட்டம் வென்றால் 17 முதல் 32 வரை, சராசரி 24.5. ஒரே வெற்றியில் 24 இடம் மேலே போயாயிற்று. அடுத்த வெற்றிக்கு 12 இடம், பிறகு 6, 3, ஒன்றரை, கடைசியில் 1. இந்தக் கணக்கில் இறுதிப் போட்டி வெறும் ஓர் இடத்துக்கான சண்டை.

இன்னொரு வழி, கணினிக்காரர்களின் வழி. 64 அணிகளில் சாம்பியன் யார் என்று கண்டுபிடிக்க ஆமாம், இல்லை என்ற பதில் ஆறு போதும், அதாவது ஆறு பிட். ஒவ்வொரு சுற்றும் மிச்சமிருப்பவர்களைப் பாதியாக்குகிறது. அப்படிப் பார்த்தால் எல்லா வெற்றியும் ஒரே எடை. உள்ளே நுழைந்ததற்கு 25 போக, மீதி 75ஐ ஆறாகப் பிரித்தால் வெற்றிக்குப் பன்னிரண்டரை.

இப்போது உண்மையான வரிசையை மறுபடி பாருங்கள்: 25, 14, 9, 10, 7, 10. முதல் மூன்று எண்கள் போர்டாவைப் போல விறுவிறுவென்று இறங்குகின்றன. பின்பாதி பிட் கணக்கைப் போல ஏறக்குறைய சமமாக நிற்கிறது. இதை வகுத்தவர்கள் போர்டாவை நினைத்தார்களோ இல்லையோ, இரண்டு கணக்குக்கும் நடுவில் ஒரு வளைகோடு அமைந்துவிட்டது. அதன் விளைவு பெரியது. இரண்டே விளையாட்டுகளில் பட்டம் வென்று மற்றவற்றைக் கைவிட்ட பல்கலைக்கழகத்துக்கு 200 புள்ளி. எந்தப் பட்டமும் இல்லாமல், எட்டு விளையாட்டுகளில் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்று எட்டிலும் முதல் ஆட்டத்தில் தோற்ற பல்கலைக்கழகத்துக்கும் அதே 200.

அப்படியானால் இருக்கிற விளையாட்டுகளுக்கெல்லாம் அணி வைத்திருப்பவர்தானே ஜெயிப்பார்? அதைத் தடுக்கத்தான் உச்சவரம்பு. முன்பு ஆண்கள் பிரிவில் பத்தும் பெண்கள் பிரிவில் பத்தும் கணக்கில் வந்தன. 2017-18 முதல் மொத்தம் 19 மட்டும். அந்தப் பத்தொன்பதில் பேஸ்பால், ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, பெண்கள் கால்பந்து, பெண்கள் கைப்பந்து ஆகிய ஐந்தும் கட்டாயம் இருக்க வேண்டும். மீதி பதினான்கு இடத்தில் நன்றாக ஆடியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஐந்தில் ஃபுட்பால் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உச்சவரம்பு வந்ததும் கணக்கு மாறுகிறது. உங்கள் பட்டியலில் ஆகக் கீழே இருப்பது 50 என்றால், புதிதாக ஒரு விளையாட்டில் 64 வாங்கினாலும் கூடுவது 14தான், அந்த 50 வெளியே போய்விடும். 36 விளையாட்டு நடத்திய ஸ்டான்ஃபோர்டுக்கு இது பிடித்திருக்காது. அதைவிடக் குறைவான விளையாட்டுகளில் பணத்தையும் பயிற்சியையும் குவிக்கும் டெக்சாஸுக்கு ஒத்துவந்தது.

பெண்கள் துடுப்புப் படகுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். எட்டு பேர் வலிக்கும் படகு இரண்டு, நான்கு பேர் படகு ஒன்று. ஒவ்வொன்றிலும் திசை பார்த்துத் தாளம் சொல்ல ஒருவர். ஆக 23 பேர், தூரம் 2,000 மீட்டர். விடிவதற்கு முன்பே ஏரியில் இறங்கிப் பயிற்சி செய்கிறார்கள். கரையில் பெற்றோரும் தோழிகளும் கொஞ்சம் பேர் நிற்பார்கள். 2024இல் டெக்சாஸ் இதில் தேசியப் பட்டம் வென்றது, 100 புள்ளி. அதே ஆஸ்டினில் ஒரு லட்சம் பேர் உட்காரும் ஃபுட்பால் மைதானம் இருக்கிறது. அங்கே ஆடும் அணி நாட்டிலேயே முதலாவதாக வந்தாலும் அதற்கும் 100தான், ஒரு புள்ளி கூட அதிகம் கிடையாது. படகுப் போட்டியில் மோதும் கல்லூரிகள் குறைவு, அதற்கும் ஃபுட்பாலுக்கும் ஒரே விலையா என்று சிலர் கோபப்படுகிறார்கள். நியாயமான கேள்விதான். என்றாலும் நான் படகுக்காரர்கள் பக்கம். கூட்டத்தை வைத்து எடை போடுவதென்றால் அதற்கு நுழைவுச்சீட்டு வசூல் கணக்கே போதும், இப்படி ஒரு கோப்பை தேவையில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020 ஜூலையில் ஸ்டான்ஃபோர்ட் தன் 36 விளையாட்டுகளில் 11ஐ நிறுத்தப்போவதாக அறிவித்தது. பணம் இல்லை என்றார்கள். பட்டியலில் மல்யுத்தமும் இருந்தது. 2021 மார்ச்சில் ஷேன் கிரிஃபித் என்ற ஸ்டான்ஃபோர்ட் மல்யுத்த வீரர் தேசிய இறுதிப் போட்டிக்கு வந்தார். அவர் அணிந்திருந்த உடை வெறும் கறுப்பு. மார்பில் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை, சின்னம் இல்லை. அந்த உடையிலேயே பட்டம் வென்றார். மே மாதம் பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றது, பதினொன்றும் பிழைத்தன.

இப்போது நெருக்கடி வேறு வடிவில் வந்திருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த உடன்பாட்டின்படி, கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், ஒரு கல்லூரிக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். வீரர்களின் உழைப்பில் வந்த பணம் வீரர்களுக்கே போவதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். ஆனால் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நீச்சல், வாள்வீச்சு, மல்யுத்தம் போன்றவற்றின் பட்ஜெட்டில் கைவைப்பார்களோ என்பதுதான் என் பயம். அமெரிக்காவின் ஒலிம்பிக் பதக்கங்களில் பெரும்பகுதி இந்த அணிகளிலிருந்துதான் வருகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் மட்டும் 39 பதக்கம் வாங்கினார்கள். கோப்பையின் உச்சவரம்பை 19இலிருந்து இன்னும் குறைத்தால், ஒரு விளையாட்டை மூடும் நிர்வாகத்துக்குத் தரவரிசையில் எந்த நஷ்டமும் இருக்காது. அதைச் செய்துவிடக் கூடாது.

வாசகருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகன் ஃபுட்பாலுக்கு எப்படியும் போவார். டிசம்பர் தொடக்கத்தில் பெண்கள் கைப்பந்துத் தேசியப் போட்டியின் முதல் சுற்று வரும். 64 அணிகள், மேலே சொன்ன அதே புள்ளிகள். டெக்சாஸ் அணியின் ஆட்டம் வளாகத்திலுள்ள கிரிகரி ஜிம்னேசியத்தில் நடந்தால், அன்று மாலை அங்கே போகச் சொல்லுங்கள். தோற்றால் 25, வென்றால் 50.