சொல் விளக்கம்: அனானிமைசேஷன் – பெயர்நீக்கமா, அடையாளநீக்கமா?

மருத்துவ ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கப் போனால் முதலில் ஒப்புதல் படிவத்தை நீட்டுவார்கள். அதில் 'உங்கள் அடையாளம் வெளியிடப்படமாட்டாது' என்கிற மாதிரி ஒரு வரி எப்படியும் இருக்கும். அந்த வாக்கைக் காப்பாற்ற ஆய்வகம் செய்யும் வேலைதான் அனானிமைசேஷன். தரவு யாருடையது என்று தெரியாதபடி செய்துவிடுவது. சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம் என்றால் இதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போட்டாலும் குடி முழுகிவிடாது. மரபணுத் தரவு என்று வந்தால் அப்படி விட முடிவதில்லை.

வேர் கிரேக்கம். 'அன்' என்றால் இன்மை, 'ஓனுமா' என்றால் பெயர், பெயரில்லாதவர் 'அனோனுமோஸ்'. நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் 'அநாமதேயம்' வடமொழிவழி வந்தது: அ + நாமதேயம். ஓனுமாவும் நாமமும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை என்பதால் இரண்டு சொல்லும் ஏறக்குறைய உடன்பிறப்புகள். நாட்டுவழக்கில் மொட்டைக் கடுதாசி உண்டு. வலைப்பதிவுகள் கொடிகட்டிப் பறந்த நாட்களில் 'அனானி' வந்தது, அதைத் தமிழாக்கி 'பெயரிலி' என்றும் எழுதினார்கள். கவனித்தால் இவை எல்லாமே பெயரைப் பற்றி மட்டும்தான் பேசுகின்றன. பெயர் இல்லை, அவ்வளவுதான். ஆள் யாரென்று கண்டுபிடிக்க முடியாது என்ற பொருள் இவற்றில் எங்கும் கிடையாது.

இந்த வித்தியாசம் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. 40ஆம் பாட்டில் 'செம்புலப் பெயல்நீர்' என்று வருகிறது, பாடியவர் செம்புலப்பெயனீரார் ஆகிவிட்டார். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். பெயர் தொலைந்தாலும் இவரை அவரிடமிருந்து பிரித்துக் காட்டப் பாட்டின் ஒரு தொடரே போதுமாக இருந்தது. மரபணுத் தொகுதியும் அப்படித்தான். மேலே ஒட்டியிருந்த பெயரைக் கிழித்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஓர் ஆளை மட்டும் குறிக்கும்.

2013 ஜனவரியில் இது அறிவியல் உலகில் நடந்தே காட்டப்பட்டது. அமெரிக்காவின் வைட்ஹெட் உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் மெலிசா கிம்ரெக், யானிவ் எர்லிக் குழுவினர், ஆய்வுக்காக இணையத்தில் பொதுவில் வைத்திருந்த பெயர் நீக்கிய மரபணுத் தொகுதிகளை எடுத்தார்கள். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. மேலைநாட்டில் குடும்பப்பெயரும் அதே வழியில்தான் போகிறது. வம்சாவளி ஆர்வலர்கள் தங்கள் ஒய் குரோமோசோமின் குறிகளைக் குடும்பப்பெயரோடு சேர்த்தே வம்சாவளித் தளங்களில் ஏற்றி வைத்திருந்தார்கள். குறிகளைப் பொருத்திப் பார்த்ததும் குடும்பப்பெயர் கிடைத்தது. தரவோடு வயதும் வாழும் மாநிலமும் இருந்தன. மூன்றையும் சேர்த்து இணையத்தில் தேடி ஏறக்குறைய 50 பேரை அடையாளம் கண்டுவிட்டார்கள். திருட்டுத்தனமாக எதையும் உடைக்கவில்லை. (நம்மூர் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால் இந்தக் குறுக்குவழி இங்கே அப்படியே பலிக்காது. ஆனால் அரிய நோய் ஒன்றோடு மாவட்டமும் சாதியும் தெரிந்தால் குடும்பப்பெயர் எதற்கு?) அதன்பின் அந்தத் தொகுப்பின் வயது விவரத்தைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு விழுந்த பெரிய அடி ஐஸ்லாந்தில். 1998 டிசம்பரில் அங்கே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நாட்டு மக்கள் அனைவரின் மருத்துவக் குறிப்புகளும் ஒரே தரவுத்தளத்துக்குப் போகும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களை மட்டும் விட்டுவிடுவார்கள். அதை நடத்தும் உரிமம் கிடைத்தது டிகோட் ஜெனிடிக்ஸ் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்துக்கு. பெயரையும் அடையாள எண்ணையும் மறைகுறியாக்கி, அதாவது படிக்க முடியாத குறியீடாக மாற்றிவிடுவதால் யாருக்கும் பாதகமில்லை என்பது அரசின் வாதம். இறந்துபோன தன் தகப்பனாரின் குறிப்புகளைச் சேர்க்கக் கூடாது என்று ஓர் இளம்பெண் கேட்டார். முடியாது என்றார்கள். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தகப்பனின் பரம்பரைக் கூறுகளிலிருந்து மகளைப் பற்றியும் ஊகிக்கலாம், ஆகவே இது அவருடைய சொந்த அந்தரங்கம் என்றது. மறைகுறியாக்கினால் மட்டும் ஆள் தெரியாமல் போய்விடும் என்பதற்குச் சட்டத்தில் போதிய உறுதி இல்லை என்றும் சொன்னது. அந்தத் தரவுத்தளம் கடைசிவரை எழவில்லை.

அப்படியென்றால் ஆளோடு உள்ள தொடர்பை அடியோடு வெட்டிவிட்டால் என்ன? அங்கேதான் ஆய்வுக்குக் கை கட்டிப்போகிறது. இன்று ரத்தம் கொடுத்தவருக்குப் பத்து வருடம் கழித்து மாரடைப்பு வந்ததா என்று தெரிந்தால்தான் அந்த மரபணுக்கூற்றுக்குப் பொருள் கிடைக்கும். மார்பகப் புற்றுக்கு வழிவகுக்கும் மாற்றம் கண்ணில் பட்டால் உரியவரிடம் சொல்லவும் வழி வேண்டும். 'நான் விலகிக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் எந்தக் குப்பியை எடுத்து அழிப்பது? 5 லட்சம் பேரின் மாதிரிகளை வைத்திருக்கும் பிரிட்டனின் யூகே பயோபேங்க் அதனால் தொடர்பை வெட்டுவதில்லை. பெயரை நீக்கிவிட்டு, ஒவ்வோர் ஆய்வுக் குழுவுக்கும் வெவ்வேறு குறியெண்களோடு தரவைக் கொடுக்கிறது. எந்த எண் யாருடையது என்ற சாவி அதனிடமே இருக்கும்.

இதற்குப் பெயர் அனானிமைசேஷன் அல்ல, சூடோனிமைசேஷன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது: முன்னது முழுமையாக நடந்துவிட்டால் அந்தத் தரவை விதிமுறை கட்டுப்படுத்தாது; பின்னது இன்னும் தனிநபர் தரவுதான். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளும் பெயர் நீக்கிய மாதிரிகளை, ஆளைத் திரும்ப எட்டத்தக்கவை, எட்ட முடியாதவை என்று பிரித்திருக்கின்றன. நம் சட்டம் அவ்வளவு தூரம் வரவில்லை. 2019ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் மரபணுத் தரவு 'உணர்திறன் மிக்க தரவு' என்ற தனி வகைக்குள் இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை.

இனி சொற்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை எடுத்துவிடுவது பெயர்நீக்கம். சூடோனிமைசேஷனுக்குச் சிலர் புனைபெயரிடல் என்கிறார்கள். புனைபெயர் எழுதுகிறவர் தானே சூட்டிக்கொள்வது. இங்கே எண்ணைக் கொடுப்பது ஆய்வகம். ஆகவே மாற்றுக்குறியிடல் பொருத்தம் என்பேன். சாவியையும் அழித்து, எந்த வழியிலும் ஆளைத் திரும்ப எட்ட முடியாதபடி செய்தால் மட்டுமே அடையாளநீக்கம். அனானிமைசேஷனுக்கு நேரான சொல் இதுதான். அநாமதேயமாக்கல் நாக்கிலும் புரளாது, பொருளிலும் பெயரோடு நின்றுவிடும்.

முழு மரபணுத் தொகுதியை வாங்கி வைக்கும் ஆய்வின் படிவத்தில் 'அடையாளம் நீக்கப்படும்' என்று எழுதுவது செய்ய முடியாததைச் செய்வதாகச் சொல்வது. அந்த இடத்தில் நான் இப்படி எழுதுவேன்: 'உங்கள் பெயரை நீக்கி மாற்றுக்குறி இடுவோம். சாவி எங்களிடம் இருக்கும். உங்கள் மரபணுத் தகவலை மற்ற தகவல்களோடு ஒப்பிட்டு உங்களையோ உங்கள் ரத்த உறவினரையோ கண்டறிய வாய்ப்பு உண்டு. அப்படிக் கண்டறிய முயல்வதில்லை என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டுமே தரவைக் கொடுப்போம்.'